ஏழாவது சத்தம்

வாங்க, வாங்க. ஏனுங்க வெளியிலேயே நிக்கறீங்க? செருப்பெல்லாம் கழட்ட வேண்டாமுங்க, பட்டறைதானே. அந்த ஸ்டூலு ஆடும், இதுல உக்காருங்க. ஓசூர்ல இருந்தா வர்றீங்க? பஸ்ஸுலயா? அடேங்கப்பா. நம்ம குரூப்புல போட்ட போட்டோவப் பாத்துட்டு இத்தனை தூரம் வந்த மொத ஆளு நீங்கதானுங்க.

ஆனா ஒண்ணு. போன்லயே சொல்லியிருக்கணும், வாய் வரலை. அந்தத் துப்பாக்கி இப்ப இங்க இல்லீங்க.

விக்கலீங்க. மூணு வருசம் ஒக்காந்து செஞ்சதை யாராச்சும் விப்பாங்களா? போலீஸ் ஸ்டேசன்ல இருக்குது. நெசமாத்தான். சிரிக்காதீங்க. இருங்க, எந்திரிக்காதீங்க, சொல்றேன். திரும்பற பஸ்ஸு சாயங்காலம்தானே? அப்புறமென்ன, மெதுவாப் போலாம்.

எம்பேரு சென்னியப்பன்னு உங்களுக்கே தெரியும். நாப்பத்தெட்டு வருசமா இதே எடம், இதே லேத்து. கெணத்து மோட்டாருக்கு ஷாஃப்ட்டு கடையறது, புஷ்ஷு போடறது, திருகு மரை வெட்டறது. பொழப்புக்காக வேலை பாக்கணும்னு இப்ப இல்லீங்க. பையனும் மகளும் நல்லா இருக்காங்க. ஆனா சும்மா உக்காந்தா எனக்குக் கை நடுங்கும். லேத்து முன்னால நின்னா நடுங்கறதில்லை. அதனாலதான் இந்தப் பொம்மை வேலையெல்லாம்.

எங்க செட்டுல அஞ்சு பேரு. மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கெழமை கூடுவோம். ஒருத்தரு உள்ளங்கையளவு ரயில் இஞ்சின் செய்வாரு, ஒருத்தரு தண்ணி இறைக்கற நீராவிப் பம்பு. நீங்களும் அப்படித்தான், உங்க சின்ன இஞ்சின் வீடியோவப் பாத்தனுங்க, நல்லா ஓடுது. எனக்குக் கூட்டாளி கெங்குசாமி. ரெண்டு தெரு தள்ளி வூடு. டூல் ரூம்ல முப்பது வருசம் இருந்தவன். எனக்கு அளவு கண்ணுல இருக்குதுன்னா அவனுக்கு வெரல்ல இருக்குதுங்க. ஒரு தகட்டைத் தடவிப் பாத்துட்டு "நாலு தவ் ஜாஸ்தி"ம்பான். ஒரு மயிரு கனம்தானுங்க அது. மைக்ரோமீட்டர் வெச்சா நாலுதான் இருக்கும்.

அவம் பையன் அமெரிக்காவுல இருக்கறான். அவந்தான் அந்த டிராயிங்கை அனுப்புனான். நூத்தி அறுவது வருசத்துக்கு முந்திச் செஞ்ச துப்பாக்கி, காட்லிங்குன்னு பேரு. ஆறு குழலை வட்டமாக் கட்டி, பொறத்தால ஒரு கைப்பிடி. கரும்புச்சாறு மெசினைச் சுத்தற மாதிரி சுத்தினாப் போதும். ஒவ்வொரு குழலா மேல வரும், குண்டு விழுகும், வெடிக்கும், கூடு கீழ விழுகும். உங்களுக்குத் தெரியாததில்லை. அதைக் கண்டுபுடிச்சவரு டாக்டருக்குப் படிச்சவருங்க. ஒருத்தனே நூறு பேரு சுடறதைச் சுட்டா, பட்டாளத்துக்கு அத்தனை ஆளு வேண்டியதில்லை, அத்தனை பேரு சாக வேண்டியதில்லைன்னு நெனச்சாராம். நல்ல மனசுதானுங்க. கணக்குதான் கொஞ்சம் தப்பிப் போச்சு.

நாலுல ஒரு பங்கு அளவுல செய்யறதுன்னு முடிவு பண்ணினோம். குழலு, சக்கரம், வண்டி எம்பொறுப்பு. உள்ள ஓடற உருளை கெங்குசாமி பொறுப்பு. அந்த உருளையைச் சுத்தி ஒரு பள்ளம் வளைஞ்சு ஓடும் பாத்தீங்களா, அந்தப் பள்ளத்துலதான் குண்டைத் தட்டற ஆறு ஊசியும் முன்னால போயிப் பின்னால வரும். அது தப்பினா எல்லாம் போச்சு. ஏழு மாசம் ஆச்சுங்க அவனுக்கு, அந்த ஒரு பள்ளத்துக்கு. நான் குழலை அடைச்சேதான் வெச்சேன். வாயில ஒரு இன்ச்சு மட்டும் ஓட்டை, அதுக்குமேல கெட்டி இரும்பு. ஒரு கடுகு கூட அதுல போகாதுங்க. சட்டம் எனக்குத் தெரியும்.

தை மாசம் பதினெட்டாந்தேதி. மத்தியானம் ரெண்டரை மணி இருக்கும். கெங்குசாமி சோத்துக்குப் போயிருந்தான். நான் மட்டும்தான். கடைசிப் பின்னை அடிச்சு, எண்ணெய் வுட்டு, கைப்பிடியைச் சுத்தினேன். குழலு ஒரு சுத்து வந்துச்சு. டக், டக், டக், டக், டக், டக். ஆறு. எப்படி இருந்துச்சுங்கறீங்க? பொறந்த கொழந்தை அழுதாப்பல இருந்துச்சுங்க எனக்கு. நிறுத்திட்டுக் கையைத் தொடைச்சேன்.

அப்ப இன்னொரு டக்.

சன்னமா. வாசப் பக்கம் கேட்ட மாதிரி. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டா கேக்குமே, அந்த மாதிரி. யாராச்சும் வந்துட்டாங்களோன்னு எட்டிப் பாத்தேன். ஒருத்தருமில்லை. இப்பல்லாம் ஆரு சைக்கிள்ல வர்றாங்க? சரி, ஸ்பிரிங்கு எதோ லேட்டா வுழுகுதுன்னு நெனச்சுக்கிட்டேன். மெசினுன்னா அப்படித்தானே, காரணமில்லாம சத்தம் வராதுங்க.

எம்பட சம்சாரம் பேரு பாவாத்தா. பின்னால மொளகாய் காயப் போட்டுட்டு இருந்தவ, வெறுங்கையோட ஓடி வந்தா. "என்ன சத்தமுங்க அது?"

"காட்லிங்கு சுத்திருச்சு, பாவா!" நான் சந்தோசத்துல இருந்தேன்.

அவ அதைப் பாத்துக்கிட்டே நின்னா. கிட்டக்க வரலை. "நெசத்துல இருக்கறது எத்தனை பேரைச் சுடும்?"

"நிமிசத்துக்கு எரநூறு குண்டுன்னு பொஸ்தகத்துல போட்டிருக்குது."

பெருமையாத்தான் சொன்னனுங்க. கேட்டா, சொன்னேன். அவ, "இதை வூட்டுல வெக்காதீங்க"ன்னா. அவ்வளவுதான். மொளகாய்க்குத் திரும்பிப் போயிட்டா.

ஏன்னு கேக்கறீங்களா? அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தானுங்க, அர்த்தனாரி. எனக்கு ஒரு வயசு மூத்தவன். எழுபதுகள்ல கரண்டு பில்லு ஏத்தினதுக்கு வெவசாயிங்க போராட்டம் நடந்துச்சே, ஊரூரா மறியல், கட்டை வண்டியை ரோட்டுல நிறுத்தறது. இங்கிருந்து ரெண்டு மைல்ல பிரிவு ரோட்டுல போலீசு சுட்டுட்டாங்க. மூணு பேரு. அதுல இவன் ஒருத்தன். முன்னால நின்னவன் கூட இல்லீங்க. வேடிக்கை பாக்கப் போனவன். நாங்க கல்யாணம் பண்ணி எட்டு மாசம் ஆயிருந்துச்சு.

அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க? அது ரைஃபிள். தோள்ல வெச்சுச் சுடறது. இது கையால சுத்தறது. அது வேற ஜாதி, இது வேற ஜாதி. ஒரு ஆணியும் ஒண்ணா இருக்காது. அவகிட்ட பொறுமையா எடுத்துச் சொன்னேன். "பாரு பாவா, குழலு அடைச்சிருக்குது, வெரலை வெச்சுப் பாரு"ன்னு சொன்னேன். அவ வெரலை வெக்கலை.

நான் வேலைக்காரன். எனக்கு அளவுதான் தெரியும்.

அந்த ஏழாவது சத்தத்துக்கு வர்றேன். மறுநாளும் கேட்டுச்சு. அதுக்கு மறுநாளும். ஆறு வரும், நிறுத்துவேன், ஒரு மூச்சு வுடற நேரம், அப்புறம் வாசப்பக்கம் ஒரு டக். மத்தியானம் சுத்தினாத்தான். காலையில சுத்தினா ஆறோட நின்னுக்கும். சூட்டுல இரும்பு விரியும், அதனாலதான்னு முடிவு பண்ணினேன். நாலு தடவை அக்குவேறா ஆணிவேறாப் பிரிச்சுப் போட்டேன். ஸ்பிரிங்கு ஆறையும் மாத்தினேன். டயல் கேஜு வெச்சுப் பாத்தேன். எல்லாம் சரியா இருக்குது. சரியில்லாததுன்னா கெங்குசாமி வெட்டுன அந்தப் பள்ளம் ஒண்ணுதான் பாக்கி.

கெங்குசாமியைக் கூப்புட்டுக் காட்டினேன். சுத்தினேன். "எத்தனை?"ன்னேன்.

"ஆறு."

"இன்னொருக்கா கேளு." சுத்தினேன்.

"ஆறுதாம்பா, சென்னி."

அவனுக்குக் காது மந்தமாயிருச்சுன்னு நெனச்சேன். போன்ல ரெக்கார்டு பண்ணிப் போட்டுக் காட்டினேன். போன்லயும் ஆறுதான் வந்துச்சுங்க. அந்த மைக்கு மட்டமான மைக்கு.

பங்குனி மாசக் கூட்டத்துல எல்லாரும் இருக்கறப்ப நான் சொல்லிட்டேன், பள்ளத்துல எங்கியோ தப்பு இருக்குது, ஒத்துக்கிட்டா என்ன போச்சுன்னு. சத்தமாத்தான் சொல்லிட்டேன். ஏழு மாச வேலைங்க அவனுக்கு. அவன் கத்தலை. மைக்ரோமீட்டர் பொட்டியை எடுத்துத் துணியில சுத்தினான். "சென்னி, நீ வேணும்னா பள்ளத்துல பூதக்கண்ணாடி வெச்சுப் பாரு. ஆறுக்கு ஆறு இருக்குது. உனக்கு ஏழு கேட்டா, அது எம் பள்ளத்துல இருந்து வரலை"ன்னான். போயிட்டான். அதோட வர்றதில்லை.

முப்பது வருசப் பழக்கம். ஒரு தப்பை ஒத்துக்க முடியலை பாருங்க மனுசனுக்கு.

பாவாத்தா? அவ வேற என்ன சொன்னா... எப்பவும் மூணு மணிக்கு டீ கொண்டாந்து இந்த பெஞ்சு மேல வெப்பா. தை மாசத்துக்கப்புறம் ஜன்னல்ல வெச்சுட்டு டம்ளரை ஸ்பூனால தட்டிட்டுப் போயிருவா. உள்ள வர்றதில்லை. மாசியில ஒரு நாள் சாப்புட்டுட்டு இருக்கறப்ப கேட்டா, "அதைச் சுத்தாம இருக்க முடியாதுங்களா?"ன்னு. "சத்தத்தைக் கண்டுபுடிச்சுட்டா நிறுத்திருவேன்"ன்னேன். நாயம்தானே? சித்திரையில, மக வூட்டுக்குப் போறேன்னு கெளம்பிட்டா. பேத்தி நெனப்பு வந்திருச்சு போலன்னு பஸ்ஸு ஏத்தி வுட்டேன். பத்து நாள்ல திரும்பி வந்தா. வந்த அன்னைக்கு மத்தியானம் நான் சுத்திட்டு இருந்தேன். வாசல்ல பையோட நின்னா. மூஞ்சி வெளுத்திருந்துச்சு. வெயில்ல வந்ததாலன்னு மோரு எடுத்துக் குடுத்தேன்.

வைகாசி மாசம் ஒரு செவ்வாக்கெழமை, பதினோரு மணிக்கு ஜீப்பு வந்து நின்னுச்சு. எறங்குனது ஒரு பொண்ணு, சப் இன்ஸ்பெக்டர். எம் மூத்த பேத்தி வயசு இருக்கும். கூட ஒரு ஏட்டு. மேடம்னு கூப்புடறதா, அம்மிணின்னு கூப்புடறதான்னு தெரியாம ரெண்டையும் மாத்தி மாத்திக் கூப்புட்டேன். "உங்க வீட்ல துப்பாக்கி இருக்குன்னு புகார் வந்திருக்குங்க ஐயா"ன்னாங்க. மரியாதையான புள்ளை.

எனக்கு உடனே தெரிஞ்சு போச்சு. கெங்குசாமி.

துப்பாக்கியை எடுத்து இந்த மேசை மேலதான் வெச்சேன். குழல்ல கம்பியை வுட்டுக் காட்டினேன், ஒரு இன்ச்சோட நின்னுச்சு. டிராயிங்கைக் காட்டினேன். அந்தம்மா எல்லாத்தையும் பாத்துட்டு, "நான் சுத்திப் பாக்கலாமா?"ன்னாங்க. சுத்தினாங்க. "எத்தனை சத்தம் கேட்டுச்சுங்க?"ன்னு கேட்டேன். "ஆறு"ன்னாங்க. காலை நேரம், சரிதான்.

அப்புறம் கெங்குசாமியைப் பத்தி எல்லாம் கொட்டிட்டேன். கூட்டாளியா இருந்துட்டுப் போலீசுக்கு எழுதிப் போடறானே, இவனெல்லாம் ஒரு மனுசனா, பொறாமை புடிச்சவன், அப்படி இப்படின்னு. அந்தப் புள்ளை என்னைப் பாத்துட்டே இருந்தாங்க. "அந்தப் பேருல புகார் எதும் இல்லைங்களே"ன்னாங்க.

"நாந்தான் எழுதுனேன்."

பின்னால கதவண்டை பாவாத்தா நின்னுட்டு இருந்தா. கையில மாவு. தொடைக்கக் கூட இல்லை.

புகார்க் காயிதத்தை அந்தம்மா என்கிட்டக் குடுத்தாங்க, படிச்சுப் பாக்கச் சொல்லி. எம்பட்டறை ஜாப் கார்டுதானுங்க, பின்பக்கத்துல எழுதியிருந்தா. அவ அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. கொட்டை கொட்டையா எழுத்து. எனக்கு இப்பவும் மனப்பாடமா இருக்குது. "ஐயா அவர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. என் வீட்டுக்காரர் செய்தது. நல்லவர். தினமும் மதியம் அதைச் சுற்றுகிறார். என் அண்ணன் துப்பாக்கி சூட்டில் இறந்தவர். இரண்டு தடவை சொல்லி விட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. நீங்கள் வந்து எடுத்துக் கொண்டு போகவும். அவரைத் திட்ட வேண்டாம்."

எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேன்னுதான் எனக்கு மொதல்ல தோணுச்சுங்க. நாப்பத்தெட்டு வருசம் ஒரு வூட்டுல இருக்கறோம், எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?

அந்தம்மா பாவாத்தாளை உக்கார வெச்சாங்க. நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே, அதே சேருதான். அண்ணன் பேரு என்ன, எந்த வருசம், என்ன நடந்துச்சுன்னு மெதுவாக் கேட்டாங்க. புகாருக்கு அதெல்லாம் வேண்டியதில்லை, சும்மாதான் கேட்டாங்க. கேட்டுக்கிட்டே அவுங்க கை அது பாட்டுக்குக் கைப்பிடியை மெதுவாச் சுத்திட்டு இருந்துச்சு. தெரியாமத்தான். டக்... டக்...

பாவாத்தா சொன்னா. அன்னைக்குக் காலையில அண்ணன் மறியலுக்குப் போறான்னு அவளுக்கு ஆள் மூலமாத் தெரிஞ்சிருக்குது. வேலைக்குக் கெளம்பின என்னை நிறுத்தி, "அண்ணன் எப்படியும் பட்டறை வழியாத்தான் போகும். வந்தா அங்கயே உக்கார வெச்சிருங்க. ஜவாப்தாரி உங்குளுது"ன்னு சொன்னா. நான் சரின்னுட்டுப் போனேன். இதை அவ அந்தப் புள்ளைகிட்டச் சொல்றா. சொல்லிட்டு, "ஆனா அவன் இந்தப் பக்கம் வரலீங்க அம்மிணி. குறுக்கு வழியில போயிட்டான் போல. வந்திருந்தா இவுங்க நிறுத்தியிருப்பாங்க. இவுங்க சொன்னா அண்ணன் கேக்கும்"ன்னா.

என்னை வுட்டுக்குடுக்காமச் சொன்னா பாருங்க. புகார் எழுதுனவ.

அந்தம்மா சுத்தறதை நிறுத்துனாங்க. ஆறு. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன். அப்ப மணி பன்னண்டு கூட ஆகலீங்க. அப்புறமும் வாசப்பக்கம் கேட்டுச்சு. டக்.

"வந்தான்"னு சொல்லிட்டேன்.

நான் சொல்லலீங்க. வாய் சொல்லிருச்சு.

வந்தானுங்க. நான் அன்னைக்கு மத்தியானம் ஒரு மோட்டார் ஷாஃப்ட்டுக்கு மரை வெட்டிட்டு இருந்தேன். உங்களுக்குத் தெரியும், மரை ஓடறப்ப கண்ணை எடுக்க முடியுங்களா? கண்ணை எடுத்தா மரை போச்சு, ஷாஃப்ட்டு போச்சு. வாசலுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறேன். சைக்கிள் ஸ்டாண்டு போடற சத்தம் கேட்டுச்சு. "மாப்பிள்ளை"ன்னான். "இரு மச்சான், மரை ஓடுது"ன்னேன். நின்னான். பத்து நிமிசம் இருக்கும். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சுங்க, பாவாத்தா சொன்னது, ஜவாப்தாரி, எல்லாம். மரை முடிஞ்சதும் டீ வாங்கிக் குடுத்துப் புடிச்சு உக்கார வெச்சுக்கலாம்னுதான் இருந்தேன். இன்னும் நாலு ஓட்டம் பாக்கி. அப்பக் கேட்டான், "நான் போகட்டுங்களா மாப்பிள்ளை?"

நான் எடது கையைத் தூக்குனேன். திரும்பலை. இப்படி. பாருங்க, இப்படித்தான் தூக்குனேன். இது இருங்கற கைதானுங்க? இருன்னுதான் காட்டுனேன். அவன் போன்னு எடுத்துக்கிட்டானாட்டம் இருக்குது. நீங்க வெளி ஆளு, நீங்க சொல்லுங்க, இதைப் பாத்தா உங்களுக்கு என்னன்னு தோணுது?

சரி, வுடுங்க.

ஸ்டாண்டைத் தட்டி எடுத்த சத்தம் கேட்டுச்சு. அரை மணி கழிச்சுத் தெக்குப் பக்கம் வெடிச்சத்தம். கல்லுக்குழியில வெடி வெக்கறாங்கன்னு நெனச்சு ரெண்டாவது ஷாஃப்ட்டை மாட்டினேன். பொழுதாக ஆசுபத்திரி வாசல்ல பாவாத்தா எங்கையைப் புடிச்சுட்டுக் கேட்டா, "அண்ணன் உங்ககிட்ட வந்தானா?" வரலைன்னேன். ஒரே ஒரு வார்த்தைங்க. நல்லதுக்குத்தான் சொன்னேன். வந்தான்னு சொன்னா அவளுக்கு இன்னும் வேதனைதானே?

இத்தனையும் அந்தப் புள்ளை முன்னாலயே சொல்லிட்டேன். ஏட்டு தலையைக் குனிஞ்சுட்டு வெளிய போயிட்டாரு. பாவாத்தா அழுவாள்னு பாத்தேன். அழுகலை. கத்தலை. மாவுக் கையைப் பாத்துட்டு இருந்தா. ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"



"நான் திரும்பிப் பாக்கலை, பாவா"ன்னேன்.

"பத்து நிமிசம் நின்னான்"னா.

"மரை ஓடுச்சு."

"பத்து நிமிசம்"னா மறுபடியும். எந்திரிச்சு உள்ள போயிட்டா. அந்தம்மா துப்பாக்கியை வாங்கிட்டு ரசீது எழுதிக் குடுத்தாங்க. போறப்ப எந்தோள்ல கையை வெச்சுட்டுப் போனாங்க. அது எதுக்குன்னு எனக்குத் தெரியலை.

மூணு வாரம் கழிச்சு ஸ்டேசன்ல இருந்து போன் வந்துச்சு. பரிசோதனை பண்ணிட்டாங்களாம், ஆயுதம் இல்லையாம், வந்து எடுத்துக்கலாமாம். இன்னும் போகலை. முழங்கால் வலி. கெங்குசாமி வூட்டுக்கும் போகணும், பள்ளம் சரியாத்தான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லணும். ரெண்டு தெருதான். போவேன். வலி கொறையட்டும்.

பாவாத்தா எட்டு நாள் எங்கூடப் பேசலை. ஒன்பதாம் நாள் மத்தியானம் சோறு போட்டுட்டு நிக்கறா. போகலை. "அவன் தண்ணி கேட்டானா?"ன்னா. எனக்கு மொதல்ல வெளங்கலை. அப்புறம் வெளங்குச்சு. "கேக்கலை"ன்னேன். சரின்னு போயிட்டா. மறுநாள், "இருமுனானா? அப்ப அவனுக்குச் சளி புடிச்சிருந்துச்சு." லேத்துச் சத்தத்துல கேக்கலைன்னேன். அதுக்கு மறுநாள், வெயில்ல நின்னானா நெழல்ல நின்னானான்னு. தெனமும் ஒண்ணுங்க. ஒண்ணுக்கு மேல கேக்க மாட்டா. சோத்தைப் போட்டுட்டுத்தான் கேப்பா. கோவமாக் கேட்டாக் கூடப் பரவால்லை. சாதாரணமாக் கேக்கறா, கடைக்குப் போயிட்டு வந்தவன்கிட்ட என்ன வாங்குனேன்னு கேக்கற மாதிரி.

பத்து நிமிசத்துல என்னதான் இருக்கும்? எங்கிட்ட இருந்ததெல்லாம் ரெண்டு வார்த்தையும் சைக்கிள் சத்தமும்தான். அது மொத வாரத்துலயே தீந்து போச்சு.

நேத்து கேட்டா, "செருப்புப் போட்டிருந்தானா? ஆசுபத்திரியில வெறுங்காலாக் கெடந்தான்." எனக்குத் தெரியாதுங்க. பாத்தாத்தானே தெரியும்? ஆனா அந்த வெயில்ல, அந்தத் தார் ரோட்டுல, பத்து நிமிசம் வெறுங்கால்ல நின்னான்னு எப்படிங்க சொல்றது? எத்தனை நாளைக்குத் தெரியலை தெரியலைன்னே சொல்றது? அதனால, "போட்டிருந்தான் பாவா, புதுச் செருப்பு"ன்னு சொன்னேன். நல்லதுக்குத்தானுங்க சொன்னேன்.

அவ கரண்டியைக் கீழ வெச்சா. அப்புறம், "அப்ப ஓடியிருக்கான். ஓடறப்பத்தான் கழண்டிருக்கும். நான் நாப்பத்தேழு வருசமா நின்ன எடத்துலயே போயிட்டான்னு நெனச்சுட்டு இருந்தேன். பயந்துட்டு ஓடியிருக்கான்"னு சொன்னா. தட்டை அப்படியே வெச்சுட்டுப் போயி மொளகாய் காயப்போடற எடத்துல வெயில்ல உக்காந்துட்டா. மொளகாயும் இல்லை, ஒண்ணும் இல்லை. சும்மா உக்காந்திருந்தா.

அது பொய்யின்னு இப்பப் போயிச் சொல்ல முடியுங்களா?

மணி என்ன ஆச்சு? ஒண்ணா? இப்பக் கூப்புடுவா. எந்திரிக்காதீங்க, எங்க கெளம்பறீங்க? வெளிய ஓட்டல் எல்லாம் ஒண்ணும் நல்லா இல்லீங்க. நம்ம வூட்டுலயே சாப்புடலாம், வாங்க. நல்லாச் சமைப்பா. நேரமெல்லாம் ஆகாது, பஸ்ஸுக்கு நானே வந்து ஏத்தி வுடறேன். ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க. ஆள் இருந்தாக் கேக்க மாட்டா.